அசையாத மடி

எங்கள் தெருவில் இன்று யாரை நிறுத்திக் கேட்டாலும் லிதுவேனியா எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். எதிர்வீட்டு டைலர் பாய், போலந்துக்கு மேலே, கடலோரம் என்று கையாலேயே காட்டுவார். ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்களுக்கு அந்த நாட்டுக் கொடியின் மூன்று நிறமும் அத்துப்படி. எல்லாம் எங்கள் வீட்டு டிவியால் வந்தது. அந்த டிவியைத் தூக்கி வாசல் பக்கம் திருப்பி வைத்தவள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் வீடு. மாடி அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். தண்ணீர் மோட்டாருக்காகவும் குரங்குக்காகவும் அவர்களோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டியே எனக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது. இலக்கணம் இருக்காது, எதிராளிக்குப் புரியாமலும் போகாது. கனடாவுக்குப் படிக்கப் போன என் தம்பி அங்கேயே வேலையில் சேர்ந்து, அங்கேயே ஒரு பெண்ணையும் பார்த்துவிட்டு, ஒரு நாள் போன் பண்ணினான். பெண் கனடாவிலேயே பிறந்தவள். அவளுடைய தாத்தாவும் பாட்டியும் போர்க்காலத்தில் லிதுவேனியாவிலிருந்து தப்பித்து அங்கே போய்க் குடியேறியவர்கள். அப்பா அம்மா காலமாகிவிட்டார்கள். கூடப் பிறந்தவர் ஒரே அண்ணன், கூடைப்பந்து ஆட்டக்காரர்.

எங்கள் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில், "ஆட்டம் சரிப்பா. அந்தப் பையன் வேலை இன்னா பண்றாரு?" என்றார். அதுதான் வேலை என்று தம்பி சொன்னான். அப்பாவுக்கு அது இறங்கவே இல்லை. பந்து போட்டால் சம்பளம் தருவார்களா, பென்ஷன் உண்டா என்று என்னிடம் இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

கல்யாணத்தை வேங்கிக்காலில் ஒரு மண்டபத்தில் நடத்தினோம். பெண் வீடு என்று வந்து இறங்கியவர் அந்த அண்ணன் ஒருவர்தான். ஆளைப் பார்க்க நான் அண்ணாந்து நின்றேன். அப்படி ஓர் உயரம். எங்கள் வீட்டு வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு, அந்த நிலையிடமே மன்னிப்புக் கேட்டார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பெண்ணின் கையில் பொரி போட அண்ணன் வேண்டும் என்று ஐயர் கூப்பிட்டபோது, ஒன்றும் தெரியாதவர் சிதறடிக்கப்போகிறார் என்று எங்கள் சித்தப்பா முணுமுணுத்தார். ஆட்டக்காரரின் அகலமான இரண்டு கையும் தங்கைக்கு நேரே இறங்கின. ஒரு பொரிகூடக் கீழே விழவில்லை. நான் சித்தப்பா பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன்.

அதற்குப் பிறகு சில நாள் எங்கள் மாடியில் தங்கியிருந்தார். சாயங்காலம் காபி கொண்டுபோகும்போது மலையைப் பார்த்தபடி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். முழங்காலில் நீளமான தையல் தழும்பு. நான்தான் வாயைக் கிளறினேன். கனடாவில் அவர்களுடைய தேவாலயத்துக்குக் கீழே ஒரு கூடம் இருந்ததாம். லிதுவேனியாக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கே இறங்கிவிடுவார்களாம். பெரியவர்கள் பழைய ஊர்க் கதை பேசுவார்கள், பிள்ளைகள் பந்தோடு ஓடுவார்கள். அந்த நாட்டில் கூடைப்பந்து என்றால் இங்கே கிரிக்கெட் மாதிரியாம். தாத்தாவே பலகை அறுத்து அந்தக் கூடத்துச் சுவரில் வளையத்தை மாட்டியிருக்கிறார். கூரை தாழ்வு, பந்தை உயர்த்திப் போட்டால் உத்தரத்தில் இடிக்கும். அதனால் தனக்குக் கடைசிவரை தூரத்திலிருந்து போட வரவே இல்லை என்று சொல்லிச் சிரித்தார்.

ஆட்டத்துக்காகவே ஓர் அமெரிக்கக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டு படிக்கவைத்தது. உலகம் முழுக்கப் பார்க்கிற பெரிய அணிகள் ஒன்றும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஜெர்மனி, போலந்து, ஹங்கேரி என்று வருஷத்துக்கு ஓர் ஊர். சம்பளம் வரும், வராமலும் போகும். மொழி தெரியாது, சமையல் பிடிக்காது, இரண்டு பெட்டியும் ஒரு வாடகை வீடும்தான் வாழ்க்கை. பிறகு ஒரு நாள் தாத்தாவின் நாட்டிலிருந்தே, ஒரு சின்ன ஊரின் அணி கூப்பிட்டது. மற்ற ஊர்களில் எல்லாம் நீ எங்கேயிருந்து வருகிறாய் என்று என்னைக் கேட்பார்கள், அங்கே மட்டும் என் பெயரைப் பார்த்து அவர்களே எனக்குச் சொன்னார்கள் என்றார். அங்கேயே தங்கி, அந்த அணிக்கே தலைவராகவும் ஆகிவிட்டார்.

அவர் கிளம்பிப் போனபின் அவர் ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. தம்பி டிவியில் ஏற்பாடு செய்து கொடுத்தான். அங்கே சாயங்காலம் ஆட்டம் என்றால் இங்கே சாப்பாட்டு நேரம். தட்டை வைத்துக்கொண்டு பார்த்தேன். பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லோரும் ஓடுகிறார்கள், கூடையில் போடுகிறார்கள், கைதட்டு வாங்குகிறார்கள். இவர் மட்டும் நடுவில் போய் நின்று, எதிர் அணிக்காரன் வந்து மார்பிலும் தோளிலும் மோத, பேசாமல் இடி வாங்கிக்கொண்டு நிற்கிறார். பந்தே இவர் கைக்கு வரவில்லை. போனில் பிடித்துக் கேட்டுவிட்டேன், உங்களுக்கு ஏன் பந்து தரமாட்டேன் என்கிறார்கள் என்று.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு விளக்கினார். நம் ஆளைத் துரத்திக்கொண்டு ஒருவன் வருவான். அவன் வழியில் போய் நான் நிற்க வேண்டும். அவன் என் மேல் மோதுவான். அந்த நேரத்தில் நம் ஆள் தனியாகப் போய்க் கூடையில் போட்டுவிடுவான். நின்ற இடத்தில் துளி அசைந்தாலும் தப்பு, விசில் ஊதிவிடுவார்கள். "அசையாம நிக்கறதுதான் என் வேலை அக்கா. அது எல்லாருக்கும் வராது," என்றார்.

அதற்குப் பிறகு நான் பந்தைப் பார்ப்பதை விட்டேன். அவரை மட்டும்தான் பார்ப்பேன். அவர் நின்று இடி வாங்கிய ஒவ்வொரு தடவையும் வேறொருவன் கூடையில் போட்டுப் பேர் வாங்குவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆட்டமே வேறு மாதிரி தெரிந்தது. பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாய் தன் அண்ணன் மகன்களைக் கூட்டிவந்தார். டிவி வாசலுக்கு வந்தது. எங்கள் தெருவில் கூடையில் போட்டவனுக்குக் கைதட்டு கம்மி. எங்கள் ஆட்டக்காரர் இடி வாங்கினால்தான் ஆரவாரம் ஜாஸ்தி.

இப்படி இருக்கும்போதுதான் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பாப்பாவுக்கு இங்கே வந்து காது குத்துவதாக முடிவானது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார்த்திதான் குத்துவோம். கம்மல் கொண்டுவருவதும் அவர்தான். இதைத் தம்பி மனைவி தன் அண்ணனிடம் சொன்னபோது அவர் நம்பவே இல்லையாம். இத்தனை வருஷ ஆட்டத்தில், நீ வராவிட்டால் ஆரம்பிக்க மாட்டோம் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை என்றாராம். அதை என்னிடம் சொல்லும்போது தம்பி மனைவி அழுதுவிட்டாள். "என் பக்கத்துக்குன்னு அவன் ஒருத்தன்தான் அண்ணி," என்றாள். தமிழில்தான் சொன்னாள். அதுவரை அவள் பேசிய தமிழிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

பதினோராம் மாசத்தில் குத்த வேண்டும். தாண்டினால் மூன்றாம் வயசுதான். அந்த மாசத்துக்குள் வைகாசிக் கடைசியில் ஒரு முகூர்த்தம், ஆனிப் பிற்பகுதியில் ஒன்று. அதற்குப் பிறகு ஆடி. வைகாசியில் எப்படியும் ஆட்டம் முடிந்துவிடும், எங்கள் அணி ஒரு வருஷம்கூட அவ்வளவு தூரம் போனதில்லை என்று அவரே சொன்னதால் அந்த நாளையே குறித்தோம். பத்திரிகை அடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது. தம்பியும் மனைவியும் பாப்பாவோடு முன்னதாகவே வந்து இறங்கிவிட்டார்கள்.

பார்த்தால், அந்த வருஷம் பார்த்து அந்த அணிக்கு வேகம் பிறந்துவிட்டது. கால் இறுதியைத் தாண்டி அரை இறுதிக்கு வந்துவிட்டார்கள். ஜெயித்தால் இறுதி ஆட்டங்கள், ஒன்றில்லை, வரிசையாகச் சில. முகூர்த்த நாள் அதன் நடுவில் மாட்டிக்கொள்ளும். அரை இறுதி அன்று வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. அப்பா மட்டும் சுவரோரம் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்க் காது கொடுத்தேன். எங்கள் தெரு முனைப் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டிருக்கிறார், அணி தோற்க வேண்டும் என்று!

எனக்கு மூக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஆடுகிறவன் தோற்க வேண்டும் என்று யாராவது சாமி கும்பிடுவார்களா, அதுவும் நம் வீட்டு ஆள் என்று பிடிபிடியென்று பிடித்தேன். அப்பா குற்றவாளி மாதிரி விழித்தார். "நான் இன்னா எனக்காகவா வேண்டிக்கினேன்? அவரு வரலைனா அந்தப் பொண்ணு முகத்தப் பாக்க முடியுமா சொல்லு," என்றார். நாங்கள் சண்டை போட்டு முடிப்பதற்குள் எங்கள் ஆட்டக்காரர் ஓர் இடி வாங்கினார், ஒருவன் தனியாகப் போய்க் கூடையில் போட்டான், அணி ஜெயித்துவிட்டது. தெரு முழுக்கக் கத்தியது. நானும் கத்தினேன். தம்பி மனைவி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். பிறகு அவளுக்கு நாள் நினைவுக்கு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் போன் வந்தது, தங்கைக்கு இல்லை, எனக்கு. முகூர்த்தத்துக்கு வந்துவிடுகிறேன், நடுவில் ஓர் ஆட்டம் விட்டுப்போகும், பேசிக்கொள்கிறேன் என்றார். இறுதி ஆட்டத்துக்கு அந்த ஊர் அணி வந்தது அதுதான் முதல் தடவை. இவருக்கோ வயசு ஏறிவிட்டது, முழங்கால் பேச்சுக் கேட்பதில்லை, இன்னொரு தடவை வாய்க்காது. அணித்தலைவர் வேறு. இதெல்லாம் எனக்கு அவர் சொல்லாமலே தெரியும். டிவியில் அத்தனை நாள் பார்த்தவள் ஆயிற்றே.

"தம்பி, நீங்க வர வேணாம்," என்றேன். "ஆடி முடிச்சிட்டு வாங்க. உங்க மடி இல்லாம பாப்பா காதுல ஊசி படாது. இது என் வார்த்தை."

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

வார்த்தை கொடுப்பது சுலபம். பத்திரிகை வாங்கியவர்களை எல்லாம் கூப்பிட்டு நாள் மாறிவிட்டது என்று சொல்ல வேண்டியவளும் நான்தானே. போன் பண்ணிப் பண்ணிக் காது சிவந்தது. சித்தப்பா நேரிலேயே வந்துவிட்டார். குறித்த நாளை மாற்றக் கூடாது, பந்தாட்டத்துக்காகக் காதுகுத்தைத் தள்ளி வைத்த குடும்பம் இந்த ஜில்லாவிலேயே கிடையாது, என் மகன் மடியில் உட்கார்த்திவிடலாம், முறைக்கு அவன் சித்தப்பன் ஆனாலும் மாமன் மாதிரிதான் என்றார். மாமன் இருக்கும்போது மாமன் மாதிரி எதற்கு என்று கேட்டேன். ஆனிக்கும் அவர் வரவில்லை என்றால் என்ன செய்வாய் என்றார். வருவார் என்றேன். தம்பி மனைவி சமையற்கட்டு வாசலில் நின்று எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி ஆட்டம். சரிக்குச் சரியாகப் போனது. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எங்கள் ஆட்டக்காரர் வழக்கம்போலப் போய் நின்றார். எதிர் அணியில் மலை மாதிரி ஒருவன் முழு வேகத்தில் வந்து மோதினான். நம் ஆள் தனியாகப் போய்க் கூடையில் போட்டான். இவர் விழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. இரண்டு பேர் தோளில் தாங்கி வெளியே கூட்டிக்கொண்டு போனபோது அந்த அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றது. இங்கே எங்கள் தெருவும் எழுந்து நின்றது. பாய், ஆட்டோக்காரர்கள், மாடியில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பெண்கள், எல்லோரும். அவர் இல்லாத கொஞ்ச நேரத்தில் அணி இரண்டு புள்ளியில் தோற்றது.

அப்பா மூலையில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வேண்டுதல் லேட்டாகப் பலித்துவிட்டது, நான்தான் கெடுத்தேன் என்று புலம்பினார். சாப்பிட வைக்கவே பெரும்பாடாகிவிட்டது.

உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், அதோடு ஆட்டமும் முடிந்தது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். தங்கைக்கு அதைச் சொன்னவர், சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன், ஆனிக்கு வருகிறேன் என்றும் சொன்னார். வேண்டாம் என்று அவள் கெஞ்சினாள். நானும் போனைப் பிடுங்கி வேண்டாம் என்றேன். "நீங்க வார்த்தை குடுத்தீங்க. நானும் குடுக்கலாம் இல்ல?" என்று வைத்துவிட்டார்.

வந்தார். காலில் இரும்புப் பட்டை, இரண்டு பக்கமும் ஊன்றுகோல். இந்தத் தடவை நிலைக்கு முன்னால் நின்று ஞாபகமாகக் குனிந்தார். அப்பா கூடத்திலேயே கையைப் பிடித்துக்கொண்டு தேங்காய் விஷயத்தை ஒப்பித்துவிட்டார், நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்த சிரிப்பில் பாப்பா விழித்துக்கொண்டது. "ஊர் ஊரா எனக்கு எதிரா கத்தியிருக்காங்க. தேங்காய் வரைக்கும் யாரும் போனதில்ல," என்றார்.

சிக்கல் காதுகுத்து அன்றுதான் தெரிந்தது. மண்டபத்தில் மணைப்பலகை போட்டுத் தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்தால்தானே மடி? அந்தக் கால் மடங்கவே மடங்காது. எங்கள் ஒருவர் புத்திக்கும் அது எட்டவில்லை! வேட்டி முதல் மாலை வரை வாங்கி வைத்தவர்கள் முழங்காலை மறந்துவிட்டோம். அவர் ஊன்றுகோலை வீசிவிட்டு இறங்கப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. தம்பி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டான். கூட்டத்தில் சலசலப்பு. சித்தப்பா தன் மகனைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தார். தம்பி மனைவி பாப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

நான் மேடை மேல் கிடந்த நாற்காலி ஒன்றை இழுத்துவந்து மணைப்பலகைக்கு மேலேயே போட்டேன். "மடி எங்க இருந்தா இன்னா, அது தாய்மாமன் மடிதானே? ஒக்காருங்க தம்பி," என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து குத்தினால் அது சடங்கா என்று சித்தப்பா ஆரம்பித்தார். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. காது குத்த வந்திருந்த ஆசாரியைப் பார்த்தேன். குழந்தை அசையாமல் இருந்தால் எனக்குப் போதும், நாற்காலியானால் எனக்கு இடுப்பு மிச்சம் என்றார் அவர்.

காலை நீட்டியபடி உட்கார்ந்த ஆட்டக்காரர் மடியில் பாப்பாவை வைத்தாள் தங்கை. அவர் கொண்டுவந்த கம்மலை ஆசாரி மஞ்சள் தண்ணீரில் கழுவினார். ஊசி பட்டதும் பாப்பா வீல் என்று கத்தி, காலை உதைத்தது. உதை விழுந்தது அந்த முழங்கால் மேலேயே. இன்னொன்று, மறுபடியும் அதே இடத்தில். எனக்கு உயிர் போய் வந்தது. அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. மடி ஒரு நூல்கூட அசையவில்லை. ஒரு கை பாப்பாவின் தலையைத் தாங்கியது, இன்னொரு கை வயிற்றை அணைத்தது. டிவியில் எத்தனையோ தடவை பார்த்த அதே நிற்றல்தான். இப்போது உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். ஆசாரி இரண்டாவது காதையும் முடித்துத் திருகாணியைத் திருகிவிட்டு நிமிர்ந்தார். "ரொம்ப நாளா குத்தறேம்மா. இப்படி ஒரு மடியப் பாத்ததில்ல," என்றார். மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

பந்தியில் சித்தப்பா அவருக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கோபம் எல்லாம் தணிந்துவிட்டது; வடையை எடுத்து அவர் இலையில் வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "பாவம், ஆட்டமும் போச்சு. இனிமே தம்பி இன்னா பண்ணப்போறாராம்?" என்று கேட்டார்.

எத்தனை ஊர், எத்தனை அணி, எத்தனை இடி. எல்லாம் முடிந்துபோன மனிதரிடம் அதை எப்படி இங்கிலீஷில் கேட்பேன்? நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். சித்தப்பா முகத்தைப் பார்த்தே கேள்வி அவருக்குப் புரிந்துவிட்டது போல. அழுது ஓய்ந்து தோளில் தூங்கிய பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, சித்தப்பாவைப் பார்த்து, தமிழில், நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"தாய்மாமன்."